மேற்கு சிட்னி வீடொன்றின் தகட்டு வேலிக்கு நிறம் தெரிந்தெடுத்த கதை: ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

இந்தப் பதிவுக்குரிய வீடு மேற்கு சிட்னியில், தமிழர் பலர் வாழும் புறநகர் ஒன்றில் இருக்கிறது. வீட்டாரின் பெயரும் அயலவர்களின் பெயரும் தெருவும் இங்கே குறிப்பிடப்படவில்லை. இதை எழுதுகிற நான் வேலி அமைக்கும் வேலைகளுக்கு அளவெடுத்து மதிப்பீடு எழுதிக் கொடுப்பவன். இந்தக் குடும்பத்தை நெடுநாளாக அறிந்தவன் என்பதால், வழமையாக வாடிக்கையாளர் தாமே செய்துகொள்ளும் நிறத் தெரிவிலும் உடனிருக்க நேர்ந்தது. கீழே வரும் பிழைகளில் பெரியது என்னுடையது.

2022, சிட்னியின் மழைப் பதிவேட்டில் 1950ஆம் ஆண்டையும் முந்தி முதலிடம் பிடித்த ஆண்டு. அந்த ஆண்டு யூலைத் தொடக்கத்தில் பல நாட்கள் விடாமல் பெய்த மழையில், முப்பது ஆண்டுக்கு மேற்பட்ட மரப் பலகை வேலி இரண்டு இடங்களில் சரிந்து விழுந்தது. இப்பகுதியின் மண் களிமண். ஈரத்தில் ஊதும், காய்ந்தால் சுருங்கிப் பிளக்கும். அந்த அசைவில் ஏற்கெனவே ஆடிக்கொண்டிருந்த மரத்தூண்கள் மண்மட்டத்தில் உக்கியிருந்தன. விழுந்த இடத்தில் செம்மஞ்சள் நிறப் பிளாஸ்ரிக் வலையைக் கட்டிவிட்டு, மூன்று எல்லைகளையும் ஒரே தடவையில் புதிதாக அடைப்பது என்று வீட்டார் தீர்மானித்தார்கள்.

இரும்புத் தகட்டு வேலி என்பதில் கருத்து வேறுபாடு இருக்கவில்லை. அந்தத் தெருவில் கடந்த பதினைந்து ஆண்டுகளில் எழுந்த வேலி ஏறக்குறைய எல்லாமே நிறம் பூசிய தகடுதான். அவுஸ்திரேலியாவில் கலர்பொண்ட் என்ற பெயரில் 1966 முதல் விற்கப்பட்டு வரும் அந்தத் தகட்டில் உருக்கின் மேல் அலுமினியமும் துத்தநாகமும் கலந்த காப்புப் படலம் ஒன்றும், அதன் மேல் ஆலையிலேயே சூடேற்றி இறுக்கிய நிறப்பூச்சும் இருக்கும். அதை வீட்டில் மறுபடி பூசுவது வழக்கமில்லை. ஆகவே மரவேலிக்குச் செய்வதுபோல, பிடிக்காவிட்டால் அடுத்த ஆண்டு வேறு நிறம் அடித்துக்கொள்ளலாம் என்ற ஆறுதல் இங்கே கிடையாது. ஒரு தடவை தெரிந்தெடுத்தால் இருபது, முப்பது ஆண்டுகளுக்கு அதே நிறத்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

வளவும் அதன் மூன்று எல்லைகளும்

வீட்டின் முகப்பும் தெருவும் தெற்கே, பின்வளவு வடக்கே. தென் அரைக்கோளத்தில் நண்பகற் சூரியன் வடக்கில் நிற்கும் என்பது இங்கே வந்து எத்தனை ஆண்டு கழிந்தாலும் நம்மவர் பலருக்குக் கையில் இருக்கும், மனதில் ஏறாத ஒரு செய்தி. நிறத்தைப் பேசும்போது அதுவே முதற்செய்தி. ஒவ்வொரு வேலியிலும் வீட்டார் பார்ப்பது அதன் ஒரு முகத்தை மட்டுமே. அந்த முகத்தில் எப்போது வெய்யில் விழுகிறது என்பது மூன்று எல்லைகளிலும் மூன்று விதமாக இருந்தது.

மேற்கு எல்லையில் கார்ப்பாதை ஓடுகிறது. வீட்டுச் சுவருக்கும் வேலிக்கும் இடையில் மூன்று மீற்றர். சமையலறை யன்னல் அந்தப் பக்கம் திறக்கிறது. கோடையில் காலை பத்து மணியளவில் சூரியன் வீட்டுக் கூரையைக் கடந்து வந்து அந்த வேலியின் முகத்தில் நேரே விழும். வேலிக்கு அப்பால் வசிப்பவர்கள் எழுபதைக் கடந்த ஒரு தம்பதியர்; வெளிர்மஞ்சட் செங்கல் வீடு, வேலியோரமாக நீள ஒரு தக்காளிப் பாத்தி. அவர்களுடைய முகத்துக்குப் பின்னேர வெய்யில்.

கிழக்கு எல்லையில் முன்பாதி 90 சென்ரிமீற்றர் அகலமான ஒடுக்கமான நடைவழி. இருபுறமும் சுவர் என்பதால் வெய்யில் பெரிதாகப் படாது. பின்பாதி திறந்த வளவு. அந்தப் பின்பாதியில் வீட்டாருடைய முகம் மேற்கு நோக்கியது. அதாவது பிற்பகல் இரண்டு மணியிலிருந்து மாலைவரை கடுவெய்யில் முழுதாக அதில்தான். அந்த வீட்டு மூத்த அம்மாவின் தோட்டமும் அங்கேதான் இருந்தது: கத்தரி, வெண்டி, மிளகாய், வேலியில் சாய்த்துக் கட்டிய பாகற்பந்தல், இரண்டு கறிவேப்பிலைச் செடிகள். அயலவர் புதிதாக மாடிவீடு கட்டிக் குடிவந்த இளங்குடும்பம். கூரையும் யன்னற் சட்டங்களும் கருஞ்சாம்பல்.

வடக்கு எல்லையில் வீட்டாருக்குத் தெரியும் முகம் தெற்கு நோக்கியது, பெரும்பாலும் நிழல் முகம். குளிர்காலத்தில் சிட்னியின் நண்பகற் சூரியன் அடிவானிலிருந்து ஏறத்தாழ 33 பாகைக்கு மேல் எழுவதில்லை; 1.8 மீற்றர் உயர வேலியின் நிழல் அப்போது புல்வெளியில் 2.8 மீற்றர் வரை நீளும். நடுக்கோடையில் அதே நிழல் ஓரடி அளவுக்குச் சுருங்கிவிடும். அப்பால் இருப்பது வாடகைக்கு விடப்பட்ட வீடு. உரிமையாளர் வேறிடத்தில் வசிப்பவர்.

முதலில் இருந்த எண்ணங்கள்

வீட்டுக்காரர் மொனுமென்ட் என்ற கருஞ்சாம்பல் நிறத்தை மனதில் வரித்துக்கொண்டு வந்திருந்தார். புதிய குடியிருப்புகளில் கூரை, கராஜ் கதவு, வேலி, தபாற்பெட்டி எல்லாவற்றிலும் இந்தப் பத்தாண்டு அந்த நிறந்தான். அவருடைய மனைவிக்கு சேர்ஃப்மிஸ்ட் என்ற, வெள்ளையை ஒட்டிய வெளிர் நிறம் விருப்பம். வளவு பெரிதாகத் தெரியும் என்பது அவருடைய காரணம். இருவரும் கடையில் வாங்கிய நிற அட்டையை மேசையில் விரித்து வைத்துக்கொண்டுதான் இதைப் பேசினார்கள். அட்டையில் ஒவ்வொரு நிறமும் தீப்பெட்டியிலும் சிறியது.

யாழ்ப்பாணத்தில் கிடுகும் பனையோலையும் கட்டிய வேலிகளோடு வாழ்ந்து வந்த அம்மா, அட்டையை ஒரு தடவை பார்த்துவிட்டு என்னிடம் சொன்னது இது: “தம்பி, ஊரிலை வேலிக்கு ஆரும் நிறம் பாக்கேல்லை. கிடுகு பழசானால் தானே நிறம் மாறும். இது மாறாதெண்டால், என்ரை பாகலுக்குப் பின்னாலை நிக்கப்போற நிறத்தைப் பாத்துத் தெரியுங்கோ.”

அதைக் கேட்டு எல்லோரும் சிரித்தோம். அந்த மேசையில் வேலியைச் செடிக்குப் பின்னால் வைத்துப் பார்த்தவர் அவர் ஒருவர்தான். மற்றவர்கள் பேசியதெல்லாம் வேலி வீட்டுக் கூரைக்குப் பொருந்துமா, தண்ணீர்ப் பீலிக்குப் பொருந்துமா என்பதைப் பற்றி. கூரையையும் வேலியையும் ஒரே பார்வையில் பார்க்க வேண்டுமென்றால் தெருவுக்கு அப்பால் போய் நிற்க வேண்டும். பின்வளவின் வேலி அங்கிருந்து தெரியவே தெரியாது. “கூரைக்கு ஏற்ற வேலி” என்று கடைகளில் சொல்லும் வழமையான ஆலோசனை முன்வேலிக்குச் சரி. பின்வளவுக்கு அது அவ்வளவாகப் பொருந்துவதில்லை என்பது என் அபிப்பிராயம்.

வெட்டுத்துண்டுகளை வைத்துப் பார்த்தவை

அட்டையை விட்டுவிட்டு, என் வேலைக்களத்தில் கிடந்த வெட்டுத்துண்டுகளைக் கொண்டுபோனேன். மூன்று நிறங்கள்: சேர்ஃப்மிஸ்ட், மொனுமென்ட், இரண்டுக்கும் இடையில் மரப்பட்டையை நினைவூட்டும் பழுப்பு வெளிரான பேப்பர்பார்க். ஒவ்வொன்றும் இரண்டடி நீளம், மடிப்பு வரிகளோடு உள்ள உண்மையான வேலித் தகடு. மடிப்பு வரிகள் இருப்பது முக்கியம். வரியின் ஒரு பக்கம் ஒளியும் மறுபக்கம் நிழலுமாக விழுவதால், தட்டையான அட்டையில் பார்த்த நிறத்தை விட வேலியில் அது ஒரு படி ஆழமாகத் தெரியும்.

ஒகஸ்ட் மாதத்தின் இரண்டு சனிக்கிழமைகளில் அவற்றைப் பழைய வேலியில் சாய்த்து வைத்து, காலை எட்டு, பத்து, பிற்பகல் ஒன்று, நான்கு, பிறகு மங்கும் நேரம் என்று பார்த்தோம். இடையில் ஒரு மழைநாளிலும் வீட்டுக்காரர் தானாகவே பார்த்துப் படம் எடுத்து அனுப்பினார். மழைநாள் நான் எதிர்பாராத பயனைத் தந்தது: நனைந்த மொனுமென்ட் ஏறக்குறையக் கரிநிறம், வானமும் சாம்பலாக இருந்த அந்த நாளில் வடக்கு மூலையில் அது ஒரு துளை விழுந்தாற்போலத் தெரிந்தது.

மேற்கு எல்லையில், சமையலறை யன்னலுக்கு நேரே வைத்த சேர்ஃப்மிஸ்ட் காலை பத்தரைக்குக் கண்ணைக் கூசச் செய்தது. வீட்டுக்காரரின் மனைவி கழுவுதொட்டியின் முன் நின்று, கையில் இருந்த பாத்திரத்தை இறக்கி வைத்துவிட்டு யன்னற் திரையை இழுத்தார். அவர் விரும்பிய நிறம் அது. அவரே அதை விலக்கினார். அதுவும் குளிர்காலச் சூரியன், இரண்டடித் துண்டு. இருபத்தைந்து மீற்றர் நீளத்துக்குக் கோடையில் அது என்ன செய்யும் என்று யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. பரப்புக் கூடக் கூட வெளிர் நிறம் மேலும் வெளிராகவே தெரியும்.

வடக்கு எல்லையில் மொனுமென்ட் துண்டு நாள் முழுவதும் நிழலில் கிடந்தது. அதன் முன் வைத்த செடி அழகாகத் தெரிந்ததை மறுப்பதற்கில்லை. இருண்ட பின்னணியில் பச்சை எடுப்பாக நிற்கும், வேலி பார்வையிலிருந்து பின்வாங்கும். தோட்டக் கலைஞர்கள் இருண்ட வேலியை விரும்புவதற்கு உரிய காரணம் இருக்கிறது. ஆனால் அங்கே செடிகள் நிறைந்த பாத்தி இல்லை, புல்வெளியும் துணி காயப்போடும் கம்பியுந்தான்.

கிழக்கு எல்லையில்தான் கைவைத்துப் பார்த்தோம். பிற்பகல் மூன்றரைக்கு, குளிர்கால முடிவின் மிதமான வெய்யிலில் பேப்பர்பார்க் துண்டில் உள்ளங்கையை வைத்து எடுக்காமலே பேசிக்கொண்டிருக்க முடிந்தது. மொனுமென்டில் கையை வைத்த வீட்டுக்காரர் இரண்டு வசனம் முடிப்பதற்குள் எடுத்துக்கொண்டார். இவ்வகைத் தகடு அரை மில்லிமீற்றரும் வராத தடிப்பு. செங்கற் சுவரைப்போல வெப்பத்தைச் சேமித்து இரவில் விடுவதில்லை. மேகம் மறைத்தால் சில நிமிடத்தில் ஆறிவிடும். ஆனால் வெய்யில் விழுகிற அந்த நான்கு மணிநேரத்துக்கு, அதை ஒட்டி நிற்கும் இலைக்கு அது அடுப்பங்கரைதான்.

அயலவரோடு பேசியவை

நியூ சவுத் வேல்ஸின் 1991ஆம் ஆண்டு எல்லைவேலிச் சட்டத்தின்படி, போதுமான தரமுள்ள எல்லை வேலிக்கு இருபக்க உரிமையாளரும் சரிபாதியாகச் செலவு ஏற்க வேண்டும். ஒருவர் அதற்கு மேலான தரத்தைக் கேட்டால் மேலதிகம் அவரைச் சேர்ந்தது. எழுத்தில் அறிவித்தல் கொடுத்து ஒரு மாதத்துக்குள் உடன்பாடு வராவிட்டால் நீதிமன்றையோ தீர்ப்பாயத்தையோ நாடலாம். எது போதுமான வேலி என்பதைத் தீர்மானிக்கும்போது ஏற்கெனவே உள்ள வேலி, நிலத்தின் பயன்பாடு, அந்தரங்கம், அப்பகுதியில் வழக்கமான வேலிவகை போன்றவற்றைப் பார்க்கச் சட்டம் சொல்கிறது. நிறம் அந்தப் பட்டியலில் தனியாக வருவதில்லை. வழமையான நிறங்களுக்கிடையே விலை வேறுபாடும் இல்லை. ஆகவே நிறத்தில் பிணக்கு வந்தால் பணத்தைக் காட்டியும் தீர்க்க முடியாது, சட்டத்தைக் காட்டியும் எளிதில் தீர்க்க முடியாது. கூரைத் தகட்டைப்போல் அல்லாமல் வேலித் தகடு இருபுறமும் ஒரே நிறத்தில் வருவது. எனக்குக் கறுப்பு உனக்கு வெள்ளை என்று பிரித்துக்கொள்ளவும் வழியில்லை.

மேற்குப் பக்கத்து முதியவர்கள் பதினைந்து நிமிடத்தில் சம்மதித்தார்கள். அவர்களுடைய செங்கலுக்குப் பேப்பர்பார்க் பொருந்தியது. கருநிறம் என்றால் தக்காளி வெந்துவிடும் என்று அந்த அம்மையார் தாமாகவே சொன்னார். அந்தச் சொல் அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

பின்பக்கத்து வீட்டில் முதலில் குடியிருப்பவரிடம் கடிதம் கொடுக்கப்பட்டது. அது வீண்வேலை. அறிவித்தல் உரிமையாளருக்குப் போக வேண்டும்; வாடகை முகவர் ஊடாக அவருடைய பதில் வர மூன்று கிழமை சென்றது. செலவில் பாதி தருகிறேன், நிறம் உங்கள் விருப்பம் என்பதே பதில்.

கிழக்குப் பக்கத்து இளைஞர் மரியாதையானவர், ஆனால் உறுதியானவர். அவருடைய புதுவீட்டில் எல்லாம் கருஞ்சாம்பல். மற்ற இரண்டு பக்க வேலிகளும் ஏற்கெனவே மொனுமென்ட். நடுவில் பழுப்பு வேலி ஒன்று வந்தால் தன்னுடைய வளவில் அது ஒட்டுப்போட்டதுபோல நிற்கும் என்றார். அவருடைய நிலையில் அது நியாயமே. அவருடைய முகத்தில் காலை வெய்யில் மட்டும் விழும் என்பதால் வெப்பம் அவருக்கு ஒரு பொருட்டாக இருக்கவில்லை. இரண்டு தடவை வேலியருகில் நின்று பேசியும் முடிவு வராத நிலையில், மூன்றாவது தடவை நான் வுட்லண்ட் கிரே என்ற நிறத்தை எடுத்துக் காட்டினேன்: சாம்பலில் சற்றுப் பச்சையும் பழுப்பும் கலந்த, மொனுமென்டை விடக் கண்ணுக்கு மென்மையான நிறம். அவருடைய வீட்டோடும் ஒத்துப்போகும், இவர்களுடைய செடிகளுக்குப் பின்னாலும் உறுத்தாது. இருவரும் அதைப் பார்த்ததும் இளகினார்கள். நடுவழி கிடைத்துவிட்டதென்று நானும் மகிழ்ந்தேன்.

அந்த நிறத்தின் துண்டு என் கையில் அன்று இருந்தது. அதை மேற்கு வெய்யிலில் வைத்துக் கைவைத்துப் பார்க்கவில்லை. பேச்சு நடந்தது மாலை ஆறு மணிக்கு.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

மேற்கிலும் வடக்கிலும் பேப்பர்பார்க். கிழக்கில் வுட்லண்ட் கிரே. மூன்று பக்கமும் ஒரே நிறம் வேண்டும் என்ற எண்ணத்தை விடுவதுதான் வீட்டுக்காரருக்குக் கடினமாக இருந்தது. இரண்டு நிறங்களும் சந்திக்கும் ஒரே இடம் வடகிழக்கு மூலை. அங்கே ஒரு பெரிய தேசிமரம் நிற்கிறது. பின் விறாந்தையில் நின்று பார்த்தால் அந்த மூலையை மரம் மறைக்கிறது என்பதை அவர் நேரில் பார்த்த பிறகே ஏற்றுக்கொண்டார்.

வடக்குக்கு வெளிர் நிறம் என்பது நிழலுக்காக. மேற்குக்கு நடுத்தர வெளிர் என்பது கண்கூச்சத்துக்கும் அயலவரின் பாத்திக்குமாக. தூண்களும் குறுக்குச் சட்டங்களும் தகட்டின் நிறத்திலேயே எடுக்கப்பட்டன. வெளிர்த் தகட்டுக்குப் பச்சைத் தூண் வைப்பது ஒரு காலத்தில் நாகரிகமாக இருந்தது. அந்தக் கட்டம் போட்ட தோற்றம் வளவைத் துண்டு துண்டாகக் காட்டும் என்பதே என் எண்ணம். வீட்டாரும் அப்படியே கருதினார்கள்.

முன்சுவர்க் கோட்டுக்குப் பின்னால் 1.8 மீற்றர், அதற்கு முன்னால் 1.2 மீற்றர் என்ற உயரங்கள் அனுமதி விண்ணப்பம் தேவைப்படாத வரம்புக்குள் அடங்கியவை. உலோக வேலி என்றால் ஒளியை அதிகம் தெறிக்காத, ஆலையிலேயே நிறம் பூசப்பட்ட தகடாக இருக்க வேண்டும் என்பதும் அதே விதிகளில் உண்டு. இரண்டு நிறங்களும் அதற்குப் பொருந்தின. ஒவ்வொரு அயலவருடனும் ஒரு பக்கக் கடிதம் எழுதி, எல்லைக் கோடு, உயரம், தகட்டின் வரிவடிவம், மொத்தச் செலவு, நிறத்தின் முழுப் பெயர் ஆகியவற்றைக் குறித்து இருபுறமும் கையொப்பம் பெற்றோம். “சாம்பல்” என்று மட்டும் எழுதியிருந்தால் அது ஆறேழு நிறங்களைக் குறிக்கும்.

வேலை நடந்த நாட்கள்

நவம்பரில் வேலை நடந்தது. மூன்று நாட்கள். சொல்வதற்கு இரண்டு விடயங்களே உண்டு.

முதலாவது, மூலைத்தூணின் நிறம். இரண்டு வேலிக்கும் பொதுவான அந்தத் தூண் எந்த நிறத்தில் என்பதைக் கடிதத்தில் யாரும் எழுதவில்லை. வேலையாட்கள் தூணைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருக்க, தொலைபேசியில் முடிவெடுக்கப்பட்டது: வுட்லண்ட் கிரே. இருண்ட தூண் தேசியின் அடிமரத்தோடு ஒன்றிப்போகும் என்பது காரணம். அது சரியாகவே அமைந்தது, ஆனால் அதிர்ஷ்டத்தால்.

இரண்டாவது, கார்ப்பாதைப் பக்கத்தில் ஒரு தகட்டை இறக்கும்போது தூணின் விளிம்பு பட்டு விரல் நீளத்தில் ஒரு கீறல் விழுந்தது. வேலையாட்களில் ஒருவர் அதே நிறப் பெயர் எழுதிய ஸ்பிறே ஒன்றை எடுத்துக் கீறலைச் சுற்றி ஒரு சாண் அகலத்துக்கு அடித்துவிட்டார். அன்று பார்த்தால் கீறல் மறைந்து மிக அழகாக இருந்தது. ஆலைப்பூச்சும் ஸ்பிறேப் பூச்சும் வெய்யிலில் ஒரே விதமாக மங்குவதில்லை. சில கோடைகள் கழிந்த பின் இப்போது கீறல் தெரியவில்லை, பூசிய வட்டம் தெரிகிறது. சமையலறை யன்னலிலிருந்து நேரே. மெல்லிய கீறலை அப்படியே விட்டிருக்க வேண்டும். ஆழமானதென்றால் அந்தத் தகட்டை மாற்றியிருக்க வேண்டும். அன்று நான் அங்கே நிற்கவில்லை, இருந்தாலும் எழுதிக்கொடுத்த வேலைக்குறிப்பில் “கீறலுக்குப் பூச வேண்டாம்” என்ற ஒரு வரி சேர்ப்பது என் பொறுப்பு.

முதற்கோடையும் இரண்டாங்கோடையும்

2022 டிசெம்பர் முதல் வந்த கோடை மிதமானது. வேலி எல்லோருக்கும் பிடித்திருந்தது. வடக்கு எல்லை வெளிச்சமாக இருந்தது. யன்னல் திரை திறந்தே கிடந்தது. கிழக்குப் பக்கத்து இளைஞர் தன் வளவுப் படத்தை அனுப்பி நன்றி சொன்னார். பாகல் நன்றாகக் காய்த்தது. அந்தக் கோடையோடு இந்தப் பதிவை எழுதியிருந்தால் குறைசொல்ல ஒன்றும் இருந்திருக்காது.

2023 டிசெம்பரில் சிட்னியின் வெப்பம் 40 பாகையைத் தாண்டிய நாட்கள் வந்தன. அப்படியொரு நாளின் மறுநாட் காலை அம்மா என்னை அழைத்தார். போய்ப் பார்த்தபோது பந்தலின் வெளிப்பக்க இலைகள் வாடியிருந்தாலும் பச்சையாகவே இருந்தன. வேலியைத் தொட்டுக்கொண்டிருந்த பின்பக்க இலைகள் விளிம்பிலிருந்து நரம்புவரை பழுப்பாகக் கருகியிருந்தன. தகட்டில் ஒட்டியிருந்த பாகற்சுருளை விரலால் எடுத்தால் பொடியாக உதிர்ந்தது. கறிவேப்பிலையில் வேலிப்பக்கக் கிளைகள் மட்டும் மொட்டையாகியிருந்தன. மேற்குப் பக்கத்தில், பேப்பர்பார்க் வேலியின் மறுபுறம், அதே பின்னேர வெய்யிலை வாங்கிய முதியவர்களின் தக்காளி, இலை சுருண்டதைத் தவிரச் சேதமின்றி நின்றது. ஒரே நாள், ஒரே வெய்யில், ஒரே உயர வேலி. பாகலும் தக்காளியும் வெவ்வேறு செடிகள், நீர்விட்ட முறையும் வேறு. ஆகவே இதை ஒரு சோதனை என்று சொல்லமாட்டேன். ஆனால் கருகல் தகடு தொட்ட பக்கத்தில் மட்டும் இருந்தது என்பது கண்ணால் கண்டது.

அன்று மாலைதான், கூரைத் தெரிவுக்காக நான் எத்தனையோ தடவை புரட்டிய நிற ஏட்டில் வேலி நிறங்களின் எண்களைப் பார்த்தேன். சூரிய ஆற்றலில் எவ்வளவு பங்கை ஒரு நிறம் உள்வாங்குகிறது என்பதைக் காட்டும் எண் அது. 0 என்றால் ஒன்றுமில்லை, 1 என்றால் முழுவதும். சேர்ஃப்மிஸ்ட் சுமார் 0.3. பேப்பர்பார்க் 0.4ஐச் சற்றுக் கடந்தது. மொனுமென்டும் வுட்லண்ட் கிரேயும் இரண்டுமே 0.7ஐ ஒட்டியவை. நான் நடுவழி என்று காட்டிய நிறம் கண்ணுக்குத்தான் நடுநிறம். வெய்யிலுக்கு அது மொனுமென்டின் உடன்பிறப்பு. சூரியனிலிருந்து வரும் ஆற்றலில் ஏறக்குறையப் பாதி கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு. ஆகவே கண் மென்மை என்று சொல்வதை நம்பித் தகட்டின் சூட்டைக் கணிக்க முடியாது. வீடு கட்டும் விதிகள் கூரையின் நிறத்துக்கு இந்த எண்ணைக் கேட்கின்றன என்பதால் கூரைக்கு மட்டும் பார்ப்பது என் பழக்கமாக இருந்தது. வேலிக்கு யாரும் கேட்பதில்லை, நானும் பார்க்கவில்லை.

வீட்டாரிடம் இதைச் சொன்னேன். வீட்டுக்காரர் கோபப்படவில்லை. “அண்ணை, வேலியை இனி மாத்தேலாது, பாத்தியை மாத்தலாம்” என்றார். 2024 ஓகஸ்டில், அடுத்த நடுகைக்கு முன், பாத்தி வேலியிலிருந்து 70 சென்ரிமீற்றர் உள்ளே நகர்த்தப்பட்டது. பந்தல் வேலியில் சாயாமல் நான்கு இரும்புக் குழாய்களில் தனியாக நிற்கிறது. இடைவெளியில் காற்றோடுகிறது, அம்மா பின்பக்கத்தால் போய்க் காய் பறிக்கவும் முடிகிறது. அடுத்த கோடையில் கருகல் இல்லை. கறிவேப்பிலைகளில் ஒன்று பிழைத்தது.

சிறு குறிப்புகள் சில: மழைத்துளி தெறித்து ஒட்டும் செங்களிமண் கறை பேப்பர்பார்க்கின் அடிப்பகுதியில் ஓரளவு ஒன்றிப்போகிறது, வுட்லண்ட் கிரேயில் காய்ந்த தூசி வெளிறித் தெரிகிறது, மாதமொருதடவை குழாய்த்தண்ணீர் அடிக்க வேண்டியிருக்கிறது. பேரன் அடிக்கும் ரெனிஸ் பந்தின் வட்டத் தடங்கள் இரண்டிலும் ஒரேமாதிரித்தான் தெரிகின்றன.

மறுபடி செய்வதானால்

இந்த வேலையை மறுபடி எழுதிக் கொடுப்பதானால், நிற அட்டையை நான் கையில் எடுப்பதே கடைசியில்தான். முதலில் ஒவ்வொரு எல்லையிலும் வீட்டாருடைய முகம் எந்தத் திசையை நோக்குகிறது, அதன் முன் என்ன நிற்கிறது, அல்லது என்ன நிற்கப்போகிறது என்று குறிப்பேன். மேற்கு நோக்கிய முகமும் அதை ஒட்டிய செடியும் இருந்தால், நிறத்தின் பெயரைச் சொல்வதற்கு முன் அதன் எண்ணைச் சொல்வேன்.

கிழக்குப் பக்கத்து அயலவரோடு பேசியதைப் பொறுத்தவரை, பாத்தியை நகர்த்துவதா நிறத்தை மாற்றுவதா என்ற கேள்வியை அன்றே வெளிப்படையாக வைத்திருக்கலாம். பாத்தி நகர்வதாக இருந்தால் அவர் கேட்ட மொனுமென்டையே கொடுத்திருக்கலாம். அவருடைய மூன்று வேலியும் ஒரே நிறமாக இருந்திருக்கும், செடிக்கு இப்போதுள்ளதைவிட அதிகம் கெட்டிருக்காது. நடுவழி என்று நான் கொடுத்ததில் அவர் விரும்பியதும் முழுதாகக் கிடைக்கவில்லை, அம்மாவுக்குத் தேவையானதும் கிடைக்கவில்லை. இதை அவரிடம் சொல்லவில்லை. சொல்ல வேண்டுமா என்று வீட்டுக்காரரும் நானும் இரண்டு தடவை பேசி, விட்டுவிட்டோம்.

நிறத்துண்டுகளைக் குளிர்காலத்தில் மட்டும் பார்த்ததை மாற்ற முடியுமா என்பது ஐயமே. வேலி விழுவது மழைக்காலத்தில், மக்கள் அவசரப்படுவதும் அப்போதுதான். குறைந்தது, பேச்சுவார்த்தையில் புதிதாக நுழையும் நிறத்தையும் மற்றவற்றைப்போலவே வெய்யிலில் வைத்துப் பார்க்கும் வரை கையொப்பம் வாங்கக் கூடாது.

முன்பக்கக் கேற்றுக்கு இன்னும் நிறம் முடிவாகவில்லை. அது தெற்கு நோக்கியது, தெருவிலிருந்து கூரையோடு சேர்ந்து தெரிவது. அங்கே வீட்டுக்காரர் ஆரம்பத்தில் விரும்பிய மொனுமென்ட் பொருந்தும் என்பது என் கருத்து. அவருடைய மனைவிக்கு வேறு கருத்து. இரண்டடித் துண்டுகள் இரண்டு, போன மாதத்திலிருந்து தபாற்பெட்டியில் சாய்ந்து நிற்கின்றன.